கீழ்ப்பேராக் குடும்பக் கதைகளும் வட்டார வரலாறும்

மலேசியாவின் சிறு நகரங்களில் தமிழ்ப்பள்ளி ஆண்டு நிறைவோ ஆலயக் குடமுழுக்கோ நிகழும்போது சிறப்பு மலர் ஒன்று வெளியிடுவது நெடுநாளைய வழக்கம். அம்மலரில் வட்டார வரலாறு பற்றி ஒரு கட்டுரை இடம்பெறுவதும் வழக்கமே. இத்தகைய கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருவோர்க்கு அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோல் இருப்பது புலப்படும். 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த முதலாம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பில் கட்டுரை தொடங்கும். ஒரே பத்தியில் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளைத் தாண்டி, ஆங்கிலேயர் இரப்பர்த் தோட்டங்களைத் திறந்த காலத்தை வந்தடையும். அதன்பின் பள்ளி வாரியத் தலைவர்கள், தலைமையாசிரியர்கள், ஆலய நிர்வாகத்தினர் ஆகியோரின் பெயர்ப்பட்டியல் வரும். சோழப் பெருவேந்தனுக்கும் முதல் வாரியத் தலைவருக்கும் இடையில் அவ்வூரில் பால்மரம் சீவியவர்களும் தென்னந்தோப்பில் கால்வாய் வெட்டியவர்களும் எவர் என்பது அக்கட்டுரையில் இராது. கடாரத்தை வென்றவன் பெயரைத் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதும் மாணவனுக்குத் தன் கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரிவதில்லை.

இதைக் குறைகூறும் நோக்கில் நாம் இங்கு எழுதவில்லை. மலர்க் கட்டுரைகளை எழுதியோர் பெரும்பாலும் வேலைப்பளு மிகுந்த ஆசிரியர்கள். அவர்கள் கைக்கு எட்டிய அச்சுநூல்கள் அவ்வளவே. எனினும், ஒரு சிறு நகரத்தின் தமிழர் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது, எதை ஆதாரமாகக் கொள்வது, எதை எழுதுவது, எதை எழுதாமல் வைப்பது என்னும் வினாக்கள் இன்று அவசரமானவை. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் பத்து வயது நிரம்பியிருந்தவர்கள் இப்போது தொண்ணூறைக் கடந்துவிட்டனர். பேராக் மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள தெலுக் இந்தான் நகரையும் அதைச் சூழ்ந்த கீழ்ப்பேராக் வட்டாரத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களை நோக்குவோம்.

பெயர் மாறிய ஊர்

தெலுக் இந்தானைப் பற்றி வெளியூரார் அறிந்த செய்தி ஒன்றே ஒன்று. அங்கே சாய்ந்த கோபுரம் ஒன்று இருக்கிறது. 1885ஆம் ஆண்டு லியோங் சூன் சூங் என்னும் சீனக் கட்டட ஒப்பந்தக்காரர் நீர்த்தொட்டியும் கடிகாரமும் கொண்டதாக எழுப்பிய கோபுரம் அது. அதனைப்பற்றி வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டது. நமக்குத் தேவையானது கோபுரத்தின் சாய்வன்று, ஊரின் பெயர். பேராக் ஆற்றின் வளைவில் அமைந்த இவ்வூருக்கு 1882ஆம் ஆண்டில் ஆங்கிலேய அதிகாரி ஆன்சனின் பெயரால் தெலுக் ஆன்சன் எனப் பெயரிடப்பட்டது. சரியாக நூறாண்டு கழித்து, 1982இல், தெலுக் இந்தான் என்னும் பெயர் வழங்கலாயிற்று. நம் முதியவர்கள் நாவில் இன்னமும் 'தெலுக்கான்சன்' என்றே வழங்குகிறது. ஆகவே 1982க்கு முற்பட்ட பிறப்புச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ், கடித உறை ஆகிய எல்லாவற்றிலும் பழைய பெயரே இருக்கும். பாட்டனாரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெலுக் ஆன்சன் எந்நாட்டில் உள்ளது என்று வினவிய இளைஞரை நாம் சந்தித்திருக்கிறோம். போர்ட் சுவெட்டன்ஹம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனதும் இதே வகையினது. கப்பலேறி வந்தவர்களின் பயணச்சீட்டில் இருக்கும் துறைமுகத்தின் பெயர் இன்றைய வரைபடத்தில் இல்லை.

எல்லைகளும் மாறியுள்ளன. நெடுங்காலம் கீழ்ப்பேராக் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பாகான் டத்தோ, 2017இல் தனி மாவட்டமாயிற்று. ஊத்தான் மெலிந்தாங் பகுதித் தோட்டம் ஒன்றின் பழைய ஆவணத்தைத் தேடுபவர் இன்றைய மாவட்டப் பெயரைக் கொண்டு தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

தோட்டங்களின் பெயர்கள் மேலும் விந்தையானவை. தெலுக் இந்தான் வட்டாரத்தில் நோவா ஸ்கோஷியா என்றொரு தோட்டம் உண்டு. கனடா நாட்டு மாநிலத்தின் பெயரைச் சேலத்திலிருந்தும் தென்னார்க்காட்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் மூன்று தலைமுறையாகத் தம் சொந்த ஊர்ப்பெயராகச் சொல்லி வந்துள்ளன. ஜெண்டராட்டா தோட்டம் டென்மார்க்கு நாட்டவரான ஆகெ வெஸ்டென்ஹோல்ஸ் 1906ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனத்திலிருந்து வளர்ந்தது. முதலாளி இலண்டனிலோ கோப்பன்ஹேகனிலோ இருக்க, பெயர்ப்பலகை அவன் மொழியில் இருக்க, உள்ளே வாழ்ந்தவர்கள் தம் வழக்கிற்கு ஏற்ப வேறு பெயர்களை இட்டுக்கொண்டனர். பழைய தோட்டம், புதுத் தோட்டம், இன்ன கங்காணி தோட்டம், ஆற்றோர லயம், மூணாங்கட்டை, ஏழாங்கட்டை என்பன அவை. கட்டை என்பது சாலையோர மைல்கல்லைக் குறிக்கும் மலேசியத் தமிழ் வழக்கு. மைல்கற்கள் போய்க் கிலோமீட்டர்க் கற்கள் வந்துவிட்டன. கட்டைப்பெயர்கள் மட்டும் பேச்சில் நிற்கின்றன. இப்பெயர்கள் நில அலுவலகப் பதிவிலோ நிறுவன அறிக்கையிலோ காணப்படா. ஒரு வட்டாரத்தின் தமிழ்ப் பெயர்களை வரைபடமொன்றில் குறித்து வைப்பது வட்டார வரலாற்றின் முதற்பணி என்பது நம் கருத்து. ஏனெனில், முதியவர் ஒருவர் சொல்லும் கதை முழுவதும் அப்பெயர்களைப் பற்றிக்கொண்டே நடக்கிறது.

அறிஞர் எழுதியவை

மலேசிய இந்தியரைப் பற்றிய ஆய்வு நூல்களுக்குக் குறைவில்லை. கெர்னெய்ல் சிங் சந்து 1969இலும் சின்னப்பா அரசரத்தினம் 1970இலும் வெளியிட்ட நூல்கள் இன்றும் அடிப்படையானவை. ஒப்பந்தக்கூலி முறை 1910இல் ஒழிந்தது, 1907இல் குடியேற்ற நிதி அமைந்தது, கங்காணி முறை ஓங்கியது, 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இரப்பர் விலை வீழ்ச்சியால் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திரும்பியது, 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடுத்து நிறுத்தியது ஆகியவற்றை அவற்றில் தெளிவாகக் காணலாம். இந்நூல்களின் ஆதாரம் அரசாங்க அறிக்கைகளே. அங்கு மனிதர்கள் எண்ணிக்கையாக வருவர். அது அவ்வாய்வின் இயல்பு, குற்றமன்று.

மக்களிடையே தங்கி எழுதிய ஆய்வாளரும் உளர். ரவீந்திர ஜெயின் 1970இல் வெளியிட்ட தோட்டத்துத் தென்னிந்தியர் பற்றிய நூல், ஒரே தோட்டத்தில் வாழ்ந்து எழுதப்பட்ட நுட்பமான மானிடவியல் ஆய்வு. லயங்களின் வரிசை, கங்காணியின் செல்வாக்கு, உறவுமுறை, சண்டை, சமரசம் அனைத்தும் அதில் உள்ளன. ஆயின் அத்தோட்டத்தின் பெயர் மட்டும் இல்லை. 'பால் மெலாயு' என்னும் புனைபெயரையே ஆசிரியர் அதற்கு இட்டுள்ளார். தகவல் தந்தோர்க்குத் தீங்கு நேராமல் காக்கும் அறநெறி அது. மானிடவியலில் ஏற்கப்பட்ட மரபு. நாமும் வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்ட காலத்தில் இம்மரபிலேயே பயின்றோம். ஆனால், அத்தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்நூலைப் படித்தால், தம் பாட்டன் பாட்டியரைப் பற்றியே படிக்கிறோம் என்பதை அவர்கள் அறிய வழியில்லை. ஆய்வுலகம் பெயரை மறைத்துக் காக்கிறது; குடும்பமோ பெயர் வேண்டும் என்கிறது. வட்டார வரலாறு எழுதுபவர் இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கிறார். இச்சிக்கலுக்குக் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வருவோம்.

இலக்கியத்தின் பங்கைத் தனியே சொல்ல வேண்டும். வரலாற்றாசிரியர் செய்யத் தவறியதை மலேசிய நாவலாசிரியர் பலர் செய்துள்ளனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்', 'லங்காட் நதிக்கரை' ஆகியன, மக்கள் வாயில் வழங்கிய செய்திகளை அச்சில் ஏற்றியவை. கொங்குநாட்டிலிருந்து மலாயா வந்த தம் குடும்பத்தின் வரலாற்றை முத்தம்மாள் பழனிசாமி 'நாடு விட்டு நாடு' என்னும் நூலாக எழுதினார். வசதி படைத்த குடும்பம், வறிய குடும்பம் என்ற வேறுபாடின்றி எக்குடும்பமும் தன் கதையை எழுதலாம் என்பதற்கு அந்நூல் ஒரு முன்மாதிரி. இத்தகைய நூல்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருப்பதே நம் கவலை.

பெட்டிக்குள் இருப்பவை

'எங்களிடம் எந்த ஆவணமும் இல்லை' என்பதே குடும்பத்தினர் முதலில் கூறும் விடை. ஆவணம் என்றால் முத்திரைத்தாள் என்று எண்ணி அவ்வாறு கூறுகின்றனர். சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தால் அலமாரியின் மேல்தட்டிலிருந்து தகரப்பெட்டியோ மாவுப்பால் டின்னோ இறங்கி வரும். அதனுள் இருப்பவை பெரும்பாலும் இவை: பழைய அடையாள அட்டை, தோட்டச் சம்பளச் சீட்டு, இந்தியாவிலிருந்து வந்த நீலநிற வான்கடிதங்கள், திருமண அழைப்பிதழ், கருமாதிப் பத்திரிகை, புகைப்படம்.

திருமண அழைப்பிதழை எடுத்துக்கொள்வோம். மலாயாவில் பிறந்து வளர்ந்த மணமக்களுக்கும் பெற்றோரின் தமிழகத்துச் சிற்றூரையும் வட்டத்தையும் அச்சிடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. பெண்வீட்டார் எவ்வூர், மாப்பிள்ளைவீட்டார் எவ்வூர், தாய்மாமன் எத்தோட்டம் என்பனவெல்லாம் ஒரே தாளில் கிடைத்துவிடும். முப்பது அழைப்பிதழ்களை வரிசைப்படுத்தினால், ஒரு வட்டாரத்தில் எவ்வூரார் எத்தோட்டங்களில் குடியேறினர், எப்போது சொந்த ஊர்ப்பெயர் அழைப்பிதழிலிருந்து மறையத் தொடங்கிற்று என்பதைக் கண்டறியலாம். சிவப்பு அடையாள அட்டை மற்றொரு கதையைச் சொல்லும். குடியுரிமை பெறாத நிரந்தரவாசிக்கு உரியது அது. 1969க்குப் பின் குடியுரிமை அற்றோர்க்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது, பல்லாயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்குத் திரும்பினர். ஒரே குடும்பத்தில் தந்தை சிவப்பு அட்டையோடு கப்பலேறவும் மூத்த மகன் நீல அட்டையோடு இங்கேயே தங்கவும் நேர்ந்தது. அவ்வான்கடிதங்கள் அதன் பின்னரே தொடங்குகின்றன. அவற்றைப் படிக்கும்போது தேதியை முதலில் பார்க்க வேண்டும் என்று நம் மாணவர்க்குச் சொல்வது இதனால்தான்.

புகைப்படத்தின் முன்புறத்தை விடப் பின்புறம் பயனுடையது. நிழற்பட நிலையத்தின் முத்திரை அங்கிருக்கும். சிலவற்றில் ஆண்டும் இருக்கும்.

குடும்பத்திற்கு வெளியே, நம் ஆசிரியர்களின் கைக்கு எட்டிய தொலைவிலேயே ஒரு பெருங்களஞ்சியம் உள்ளது. அது தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. மாணவர் பெயர், பிறந்த நாள், தந்தை பெயர், தந்தை தொழில், முகவரி, பள்ளியை விட்டு நீங்கிய நாள், நீங்கிய காரணம் ஆகியன அதில் வரிவரியாக உள்ளன. 'நீங்கிய காரணம்' என்னும் கட்டத்தை மட்டும் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து படித்தாலே ஒரு தோட்டத்தின் வரலாறு விளங்கும். குடும்பம் இந்தியா சென்றது, வேறு தோட்டம் மாறியது, வேலைக்குச் சென்றது என்று எழுதப்பட்டிருக்கும். பத்து வயதுப் பெண் 'வீட்டு வேலை' என்ற காரணத்தால் நீங்கியிருப்பாள். 1957இல் எண்ணூறுக்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூறுக்குச் சற்று மேல் என்ற நிலையில் உள்ளன. மூடப்பட்டும் இணைக்கப்பட்டும் இடம்மாறியும் போன பள்ளிகளின் பதிவேடுகள் எங்குள்ளன என்பதைத் தேடிக் குறித்து வைப்பது, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் ஆசிரியராவது மேற்கொள்ள வேண்டிய பணி. கரையானும் வெள்ளமும் எவர்க்காகவும் காத்திரா.

நாளிதழ்களையும் மறத்தல் ஆகாது. 1924இல் தொடங்கி 2019 சனவரியோடு நின்றுபோன 'தமிழ் நேசன்', சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகியவற்றில் வந்த சிற்றூர்ச் செய்திகளும் மரண அறிவிப்புகளும், வேறெங்கும் பெயர் பதிவாகாத மனிதர்களின் பெயரைத் தாங்கியுள்ளன.

வாய்மொழியின் கணக்கு

குடும்பக் கதையை வரலாற்று ஆதாரமாகக் கொள்ளலாமா என்னும் ஐயம் நம் துறையினரிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டிலேயே தேசிய அளவில் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பட்டது. நாமோ, 'பாட்டி கதை' என்று ஒதுக்கும் மனநிலையிலிருந்து மெல்லவே விடுபட்டு வருகிறோம். ஐயம் தேவையானதே. ஆனால், அது கதையைத் தள்ளிவிடுவதற்கான ஐயமாக இராமல் சோதித்துப் பார்ப்பதற்கான ஐயமாக இருத்தல் வேண்டும்.

ஒரு சான்று காட்டுவோம். கீழ்ப்பேராக்கில் மட்டுமன்றி நாடெங்கும் தமிழ்க் குடும்பங்கள் 'தாத்தா ராஜுலா கப்பலில் வந்தார்' என்று கூறுவதைக் கேட்கலாம். ராஜுலா 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர்த் துறைமுகங்களுக்கிடையே 1970களின் தொடக்கம் வரை ஓடியது. 1910களிலேயே இங்குக் குழந்தை பெற்ற தாத்தா அதில் வந்திருக்க இயலாது. எனவே கதை பொய் என்று முடிவு கட்டுவது எளிது. உண்மையில் ராஜுலா என்பது ஒரு கப்பலின் பெயர் என்ற நிலையிலிருந்து கடல்கடந்த பயணத்தையே குறிக்கும் பொதுச்சொல்லாக மாறிவிட்டது. தாத்தா முதலில் வந்த கப்பலை எவரும் நினைவில் கொள்ளவில்லை. ஊருக்குப் போய்வந்த இரண்டாவது, மூன்றாவது பயணங்களில் ஏறிய கப்பலை, உடன்சென்ற பிள்ளைகள் நினைவில் கொண்டனர். ஆகவே இக்கதையிலிருந்து நாம் அறிவது முதல் வருகையின் ஆண்டை அன்று. அக்குடும்பம் ஊரோடு தொடர்பு அறுபடாமல் போய்வந்து கொண்டிருந்தது என்பதை. அடுத்துக் கேட்க வேண்டிய வினா, 'எத்தனை முறை போய்வந்தார்கள்?' என்பதாகும்.

மறுதலையாக, ஏட்டறிவுடையோர் நம்ப மறுத்த கதையை ஆவணம் உறுதிப்படுத்துவதும் உண்டு. சப்பானியர் வடக்கே கெடாவிலிருந்து தரைவழியாக, மிதிவண்டிகளில் வந்தனர் என்றே பாடநூல்களில் படித்தோம். கீழ்ப்பேராக் முதியவர்களோ 'சப்பான்காரன் ஆத்து வழியா வந்தான்' என்பர். கம்பார்ப் போர் நடந்துகொண்டிருந்த நாள்களில், 1942 சனவரித் தொடக்கத்தில், சப்பானியப் படையின் ஒரு பிரிவு கடல்வழியே வந்து ஊத்தான் மெலிந்தாங்கிலும் தெலுக் ஆன்சனிலும் கரையிறங்கியது. கம்பாரில் உறுதியாக நின்ற பிரிட்டிஷ், இந்தியப் படைகள் பின்வாங்க நேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். படைத்துறை வரலாறுகளில் இரண்டு வரியாக உள்ள செய்தியை, ஆற்றங்கரை லயத்தில் இருந்த சிறுவர்கள் கண்ணால் கண்டனர். பாடநூலோடு முரண்படுகிறது என்று ஆசிரியரே அதனைத் திருத்திவிட்டிருந்தால் ஒரு சான்று அழிந்திருக்கும்.

காலத்தைக் குறிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். முதியவர்கள் ஆங்கில ஆண்டைச் சொல்வதில்லை. வாழைமர நோட்டுக் காலம், மரவள்ளிக்கிழங்குக் காலம், சயாமுக்கு ஆள் பிடித்த வருடம், முள்கம்பி போட்ட வருடம், தோட்டம் துண்டுபோட்டு விற்ற வருடம் என்பனவே அவர்களின் நாட்காட்டி. இவை முறையே சப்பானியர் ஆட்சியையும், 1943ஐ ஒட்டிய மாதங்களையும், 1948இல் தொடங்கிய அவசரகாலத்தையும், ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற 1950, 60ஆம் ஆண்டுகளையும் குறிக்கும். எழுதும்போது அவர் சொன்ன தொடரை அப்படியே இட்டு, ஆண்டைப் பக்கத்தில் தருவதே முறை. தொடரை நீக்கிவிட்டு ஆண்டை மட்டும் இடுவோமாயின், அவ்வாண்டு அவருக்கு எவ்வாறு கழிந்தது என்பது போய்விடும்.

சொற்களைப்பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பதிவு செய்ததை எழுத்தில் பெயர்க்கும் நம் தமிழாசிரியர் பலர், பழக்கத்தால், பேச்சைச் செந்தமிழாக்கி விடுகின்றனர். கித்தா என்பது இரப்பர் ஆகிறது. பெரட்டு என்பது காலைக்கூட்டம் ஆகிறது. ஆயாக்கொட்டகை குழந்தைகள் காப்பகம் ஆகிறது. கிராணி எழுத்தர் ஆகிறார். சடக்கு சாலை ஆகிறது. தூய தமிழில் நமக்கும் பற்று உண்டு. ஆனால், கிராணி என்னும் சொல்லில் இருந்த அச்சமும் சற்றே ஏளனமும் எழுத்தர் என்னும் சொல்லில் இல்லை. விடிவதற்கு முன் வரிசையில் நின்று பெயர் கொடுப்பதுதான் பெரட்டு. எந்தக் கூட்டமும் அதற்கு ஈடாகாது. கட்டுரையை நாம் நம் நடையில் எழுதுவோம். சாட்சியை அவர் நடையில் விடுவோம்.

சொல்லாமல் விட்டவை

இனி, நாம் மேலே ஒத்திவைத்த சிக்கலுக்கு வருவோம். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கச் சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. அதில் பணிசெய்து மடிந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 12,000க்கு மேல் என்பது பெயர்ப்பட்டியலோடு அறியப்பட்டுள்ளது. காஞ்சனபுரியில் உள்ள போர்க்கல்லறைத் தோட்டத்தில் மட்டும் சுமார் 7,000 கல்லறைகள் ஒழுங்காகப் பேணப்படுகின்றன. மிகப் பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர் அதனினும் பன்மடங்கினர். அவர்களுள் மலாயாத் தமிழர் பெருந்தொகையினர். எழுபதாயிரம், தொண்ணூறாயிரம் என மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. பெயர்ப்பட்டியல் என ஒன்று இல்லாமையே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். எனவே, அவர்களின் பெயர் இன்று இருக்குமானால், அது ஏதோ ஒரு சிறு நகரத்துத் தாமான் வீட்டில், ஒரு மூதாட்டியின் நினைவில் இருக்கும். அங்கு மட்டுமே இருக்கும்.

அந்நினைவை எழுதுவது எளிதன்று. நம் மாணவி ஒருவர் தம் தாய்வழி மூதாட்டி ஒருவரை ஒலிப்பதிவு செய்து வந்தார். மூதாட்டியின் தந்தை சயாமுக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பவில்லை. இது குடும்பம் முழுதும் அறிந்த செய்தி; பெருமையோடும் துயரத்தோடும் சொல்லப்படுவது. ஆனால் பதிவின் நடுவே, மகன்கள் கூடத்தை விட்டு வெளியே சென்றிருந்த வேளையில், மூதாட்டி மற்றொன்றையும் சொன்னார். இரண்டு ஆண்டு காத்திருந்த தாய், மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட வேறு வழியின்றி அதே லயத்தில் இருந்த இன்னொருவரோடு சேர்ந்து வாழ்ந்தார். அவர் வேறு சாதியினர். பின் பிறந்த இருவரும் முதல் மூவரோடு ஒரே தந்தையின் பிள்ளைகளாகவே வளர்க்கப்பட்டனர். பெரியப்பா, சித்தப்பா என்று இன்று அழைக்கப்படுவோரின் பிள்ளைகளுக்கு இது தெரியாது. பதிவைக் கேட்ட பேரன் ஒருவர் அப்பகுதியை நீக்கிவிடும்படி மாணவியிடம் கேட்டுக்கொண்டார்.

இதில் எவர் கூற்றைக் கொள்வது? சயாமின் கதையை மாண்டவர்களின் கதையாக மட்டும் எழுதினால், அது பாதி வரலாறே. பின்தங்கிய பெண்கள் எவ்வாறு உயிர்வாழ்ந்தனர் என்பது மறுபாதி. இம்மறுபாதியை அரசாங்க அறிக்கையோ படைத்துறை வரலாறோ தாரா. குடும்பமும் தரத் தயங்கும். நாவலாசிரியர் புனைபெயரிட்டு எழுதிவிடலாம். மானிடவியலாரும் புனைபெயரிடலாம். வட்டார வரலாற்றுக்கு அவ்வழி முழுதும் பொருந்தாது. பெயரை மீட்பதற்காகவே அது எழுதப்படுகிறது. அதற்காக உயிரோடு இருப்பவரின் அமைதியைக் குலைக்கும் உரிமை ஆய்வாளர்க்கு வந்துவிடாது என்பதையும் நாம் அழுத்தமாகக் கூற வேண்டும்.

நாம் மாணவிக்குக் கூறியது இது. கதை மூதாட்டிக்கு உரியது, பேரனுக்கு உரியதன்று, நமக்கு உரியதும் அன்று. ஆகவே மீண்டும் சென்று அவரிடமே கேட்க வேண்டும். அவர் அளித்த விடை நாம் எதிர்பாராதது. தாயின் இரண்டாம் துணைவர் பெயரை இப்போது எழுத வேண்டாம். ஆனால் அழிக்கவும் வேண்டாம். அம்மனிதர் சோறு போட்டவர் என்றார். தம் தந்தையின் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் தெளிவாக எழுதும்படி இருமுறை சொன்னார். அதன்படி, ஒலிப்பதிவு முழுமையாக ஒரு படியும் வெளியிடத்தக்க பகுதி மட்டும் கொண்ட எழுத்துப்படி ஒன்றும் தனித்தனியே அமைக்கப்பட்டன. முழுப்பதிவை எப்போது திறக்கலாம் என்பதும் அவர் விருப்பப்படியே குறிக்கப்பட்டது.

சாதி பற்றிய செய்திகளுக்கும் இம்முறையே ஏற்றது. லயங்கள் சாதி நோக்கிப் பிரிந்திருந்ததையும் கோயில் மரியாதைகள் எவ்வாறு பங்கிடப்பட்டன என்பதையும் முதியவர்கள் தயக்கமின்றிச் சொல்வர், நடுவயதினர் தடுப்பர். மலர்க் கட்டுரைகளில் சாதி என்னும் சொல்லே வராது. எல்லாரும் ஒற்றுமையாக வாழ்ந்தனர் என்று எழுதப்படும் ஒவ்வொரு முறையும், அவ்வொற்றுமையைப் போராடி உண்டாக்கிய இளைஞர் மன்றத்தாரின் உழைப்பும் சேர்ந்தே மறைந்துபோகிறது.

எங்கே வைப்பது

எழுதியதை எங்கே வைப்பது என்னும் வினா சிறிதாகத் தோன்றும். பல முயற்சிகள் அங்கேதான் அழிந்தன. 2013ஆம் ஆண்டோடு நின்றுபோன பி.எம்.ஆர். தேர்வுமுறையில் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் வரலாற்றுப் பாடத்திற்காக வட்டார ஆய்வேடு செய்து வந்தனர். தமிழ் மாணவர் பலர் தம் தோட்டத்தையும் கோயிலையும் பற்றி, பாட்டன்மாரிடம் கேட்டு, மலாய் மொழியில் எழுதினர். மதிப்பெண் இட்டபின் அவ்வேடுகளைப் பேணுவதற்கு எவரும் பொறுப்பில்லை. ஒரு தலைமுறையே செய்த களப்பணியின் பெரும்பகுதி பழைய காகிதமாய்ப் போயிற்று என்றே கருத வேண்டியுள்ளது. எவர் வீட்டிலேனும் அத்தகைய ஏடு எஞ்சியிருந்தால், எழுத்துப்பிழைகளோடு அப்படியே படியெடுத்து வைக்க வேண்டும்.

சிறப்பு மலர்களின் நிலையும் இதற்குச் சற்றே மேலானது. நாட்டில் அச்சிடப்படும் நூல்களைத் தேசிய நூலகத்திற்கு ஒப்படைக்க வேண்டும் என 1986ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆலயமும் பள்ளியும் விழாவன்று விற்றுத் தீர்க்கும் மலர் அங்குச் சென்று சேர்வது அரிது. மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திற்காக இராம சுப்பையா தொகுத்து 1969இல் வெளிவந்த மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூற்பட்டியல் இல்லையெனில் எத்தனை சிறு வெளியீடுகளின் பெயர்கூட நமக்குத் தெரிந்திராது என்பதை, இத்துறையில் பணிசெய்வோர் நன்கறிவர். அதன்பின் வந்த மலர்களுக்கு மாவட்ட அளவிலாவது ஒரு பட்டியல் வேண்டும். கீழ்ப்பேராக்கிலிருந்து அதனைத் தொடங்கலாம். தோட்டத்துப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அங்கு இன்னும் பல உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு மலரேனும் வந்திருக்கும்.

ஆசிரியர்கள் மேற்கொள்வதற்கான நடைமுறையாக நாம் முன்வைப்பது எளியது. ஒரு குடும்பத்திற்கு ஓர் ஏடு. முதற்பக்கத்தில் சொன்னவர் பெயர், எழுதியவர் பெயர், நாள், இடம். பெயர்களைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளவாறும் வீட்டில் அழைக்கும்வாறும் தனித்தனியே குறிக்க வேண்டும். ஒருவரே மூன்று ஆவணங்களில் மூன்றுவிதமாக எழுதப்பட்டிருப்பது நம்மிடையே இயல்பு. தோட்டத்தின் பெயரை நிறுவனம் வைத்தவாறும் மக்கள் அழைத்தவாறும் எழுத வேண்டும். முரண்பட்ட இரு கூற்றுகள் கிடைத்தால் இரண்டையும், சொன்னவர் இன்னார் என்ற குறிப்போடு இட வேண்டும். ஏட்டின் ஒரு படி குடும்பத்திடம், ஒரு படி பள்ளியில், ஒரு படி பல்கலைக்கழக நூலகத்தில் இருத்தல் நலம். மூடிவைக்க வேண்டிய பகுதிகளை உறையிலிட்டு, திறக்கும் ஆண்டை உறையின்மேல் எழுதி, நூலகப்படியோடு மட்டும் சேர்க்க வேண்டும். பள்ளி விடுமுறைக்கு இரண்டு ஏடுகள் என்று வைத்துக்கொண்டாலும், பத்து ஆசிரியர்கள் உள்ள மாவட்டத்தில் ஆண்டுக்கு முப்பதுக்குக் குறையாமல் சேரும். முதல் ஏட்டைத் தம் வீட்டிலிருந்தே தொடங்குவோர்க்கு, கேட்கும் வினாக்களில் தயக்கம் எங்கே வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.